ஓடும் நீர் கேட்கும் சீலை

காளஹஸ்தியில் சுவர்ணமுகிப் பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்தேன். பங்குனி வெயில். ஆற்றில் மணல் இருந்தது, நாணல் இருந்தது, சீமைக் கருவேலம் இருந்தது, நாலைந்து எருமைகளும் இருந்தன. ஊர்ச் சாக்கடை ஒன்று கறுப்பு நாடா மாதிரி நெளிந்து ஓடியது. ஆறு மட்டும் இல்லை. ராகு-கேது பரிகாரத்துக்கு வந்தவர்களை ஏற்றிய ஆட்டோக்கள் என் முதுகை உரசாத குறையாகக் கோவிலை நோக்கிப் பறந்தன. இந்த ஊருக்கு வருகிறவர்கள் யாரும் ஆற்றைப் பார்க்க நிற்பதில்லை. நான் ஆற்றைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

என்னை இங்கே இழுத்து வந்தது ஒரு சொல். சில மாதங்களுக்கு முன் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பாலைவன ஓவியங்கள் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்யும் வேலை வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரேட் சாண்டி என்றழைக்கப்படும் பெருமணல் பாலைவனத்தைச் சேர்ந்த வால்மஜாரி மக்கள் நீரை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். என்றும் வற்றாத ஊற்று 'ஜிலா'. மழை பெய்த பின் கொஞ்ச காலம் கிடைத்து மறைந்துபோவது 'ஜுமு'. இதில் என்ன சிரமம், தமிழில் நீருக்கா சொல் பஞ்சம் என்று தொடங்கினேன். சுனை, கேணி, கூவல், மடு, பொய்கை, ஊருணி, குட்டை, தாங்கல் என்று எம்.ஏ. தமிழ் வகுப்பில் படித்ததெல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒன்றும் பொருந்தவில்லை. ஜிலா என்பது வெறும் தண்ணீர் அல்ல. மழையைக் கொண்டுவரும் பாம்பு வடிவ மூதாதை ஒருவர் அதில் குடியிருக்கிறார். அந்த இடத்துக்கு உரியவர்கள்கூடக் குரல் கொடுத்து, தாங்கள் யார் என்று சொல்லிவிட்டுத்தான் கிட்டே போவார்கள்.

திருப்பதியில் இருக்கும் தெலுங்கு நண்பரிடம் தொலைபேசியில் புலம்பினேன். "ஜுமுவுக்கு எங்களிடம் சொல் இருக்கிறதே" என்றார். "ஆற்று மணலைக் கையால் தோண்டினால் ஊறும் பாருங்கள், அதற்கு செலம என்று பெயர். சுவர்ணமுகிக் கரையில் நாங்கள் குடித்து வளர்ந்ததே செலமத் தண்ணீர்தான். கலம்காரிக்காரர்களுக்குத்தான் அது போதாது. அவர்களுக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். பாவம், இப்போது எங்கே அலசுகிறார்களோ."

கடைசி வாக்கியத்தை அவர் போகிற போக்கில்தான் சொன்னார். எனக்கு அது தங்கிவிட்டது.

பாலைவன ஓவியங்களைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கும் புள்ளிகள். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். வட்டங்களை இணைக்கும் கோடுகள். ஏதோ நவீன ஓவியம் என்று நினைத்து வரவேற்பறையில் மாட்டுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வட்டம் பல ஓவியங்களில் ஒரு நீர்நிலை. கோடு, மூதாதை ஒருவர் ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு நடந்த வழி. வழி தெரிந்தவன் பிழைப்பான். தெரியாதவன் மணலில் சாவான். தலைமுறை தலைமுறையாக இந்த வடிவங்களை மணல்மீதும் உடம்புமீதும் எழுதிவந்தார்கள். சடங்கு முடிந்ததும் அவை அழிந்துவிடும். 1971இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே பப்புன்யா என்ற குடியிருப்பில் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன்எறும்புக் கதையை வரைந்தார்கள். பிறகு பலகைக்கும் கான்வாஸுக்கும் வந்தார்கள். அடுத்த ஆண்டே தங்களுக்கென்று ஒரு கலைஞர் நிறுவனம் அமைத்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவரான ஜானி வாரங்குலா ஜுபுருலா 1972இல் கலிபின்பா என்னும் நீர்த்தலத்தின் கதையை ஒரு பலகையில் தீட்டினார். அவருக்குக் கிடைத்தது சுமார் 150 டாலர். 1997இல் அது ஏலத்தில் 2,06,000 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. 2000இல் 4,86,500 டாலருக்கு. மறுவிற்பனைப் பணம் முழுவதும் யார் யாருக்கோ. வரைந்தவர் 2001இல் இறந்தார். கைவினைஞர்கள் கதை எந்தக் கண்டத்திலும் பெரிதாக மாறுவதில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஏலக் கணக்கு அல்ல, இன்னொரு துணி. அதே 1997இல், பெருமணல் பாலைவனத்தின் ஓரத்தில் பிர்னினி என்ற இடத்தில் நாற்பது பேருக்கு மேல் ஒன்றுகூடி ஒரே கான்வாஸில் வரைந்தார்கள். பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம். தங்கள் நிலம் தங்களுடையது என்று நிரூபிக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பத்திரம் இல்லை, பட்டா இல்லை. ஆங்கிலத்தில் சாட்சி சொல்லப் பலருக்கு வராது. ஆகவே அவரவர் தங்கள் குடும்பத்து ஜிலாவை அந்தத் துணியில் எழுதினார்கள். நிலவுரிமைத் தீர்ப்பாயத்தார் வந்தபோது துணியைத் தரையில் விரித்து, ஒவ்வொருவரும் தம் நீர்நிலைமேல் நின்றுகொண்டு தம் மொழியில் பேசினார்கள். 2007 நவம்பரில் 75,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அவர்களுடைய உரிமை ஏற்கப்பட்டது. வழக்குக்கு வேறு சாட்சியங்களும் இருந்தன. ஆனால் ஒரு ஓவியம், எங்கெங்கே தண்ணீர் என்று எழுதிய ஒரு ஓவியம், நிலப் பத்திரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

நம் பக்கத்தில் தண்ணீரோடு இவ்வளவு பிணைந்த துணி எது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து காளஹஸ்தி கலம்காரிதான். அங்கே தண்ணீர் படத்தில் இருப்பதைவிட நிறத்தில்தான் அதிகம் இருக்கிறது.

நேரே காளஹஸ்திக்குப் போகாமல் வேலூர் இறங்கி, சித்தூர் வழியாகப் போனேன். சித்தூர் நகருக்குள் நீவா ஆறு இருக்கிறது. பெயர்ப் பலகை இல்லாவிட்டால் ஆறு என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மாங்காய் மண்டிகளும் வெல்ல மணமும் உள்ள இந்த ஊரில் கடைக்காரர் தெலுங்கில் கேட்டு நான் தமிழில் பதில் சொல்லி, அவர் தமிழில் கேட்டு நான் தெலுங்கில் தடுமாறி, கடைசியில் இருவரும் ஒரு கலவையில் பேசிக்கொண்டோம். 1911இல் வட ஆற்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உண்டாக்கிய மாவட்டம் இது. 2022 ஏப்ரலில் ஆந்திரம் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதியும் காளஹஸ்தியும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. இந்தத் திருப்பதிக்காகவும் சித்தூருக்காகவும் ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1960இல் திருத்தணி நமக்குக் கிடைத்தது. எந்த ஊர் யாருக்கு என்று அத்தனை சண்டை போட்ட இரு தரப்பிலும், ஆறுகளுக்காக யாரும் அந்த அளவு குரல் எழுப்பியதாகத் தெரியவில்லை.

திருப்பதியில் ஒரு இரவு. மலைக்குப் போகிறவர்களுக்கு ஆகாசகங்கை தெரியும், பாபவிநாசம் தெரியும். திருமலை நம்பிகள் தினமும் பாபவிநாசத்திலிருந்து குடத்தில் நீர் சுமந்து வந்து வேங்கடவனுக்குத் திருமஞ்சனம் செய்துவந்தார் என்றும், ஒரு நாள் வேடன் ஒருவன் வழிமறித்துத் தாகம் என்று சொல்லிக் குடத்தைத் துளைத்துக் குடித்துவிட்டு, பக்கத்திலேயே ஆகாசகங்கையைக் காட்டிவிட்டு மறைந்தான் என்றும் கதை. இன்றும் மலையில் 'தண்ணீரமுது' உற்சவம் என்று ஒன்று நடக்கிறது. பெயரில் தமிழ் அப்படியே இருக்கிறது.

காளஹஸ்தி அந்தப் பக்கம் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ரேணிகுண்டா தாண்டி ஒரு மணி நேரத்தில் பேருந்து கொண்டு சேர்த்துவிடும். நம் தேவாரத்தில் இது திருக்காளத்தி, ஆறு பொன்முகலி. இங்கேயும் தண்ணீர் சுமந்தவர்கள்தான். கண்ணப்பர் கையில் வில்லும் இறைச்சியும் இருந்ததால் பொன்முகலி நீரை வாயில் நிரப்பிக் கொண்டுவந்து சிவலிங்கத்தின்மேல் உமிழ்ந்தார் என்று சேக்கிழார் பாடினார். தலக்கதையில் யானை துதிக்கையில் நீர் கொண்டுவருகிறது. குடம், வாய், துதிக்கை. ஒரே மாவட்டத்தில் மூன்று கதைகள், மூன்றிலும் ஒரு குறிப்பிட்ட நீர்நிலை, அதிலிருந்து கடவுள்வரை ஒரு வழி. ஜிலா பற்றி மொழிபெயர்த்துவிட்டு வந்தவனுக்கு இது வேறு மாதிரிக் கேட்கும் அல்லவா.

ஆனால் ஒப்பீட்டை அதிகம் இழுக்கக் கூடாது. கலம்காரிக்காரர்கள் பழங்குடிகள் அல்ல. ஆற்றுக்குத் தாங்களே உரியவர்கள் என்று அவர்கள் சொல்வதும் இல்லை. கோவில் திரைகள், தேர்ச் சீலைகள், விதானங்கள் எழுதிக் கொடுத்த தொழிற்குடும்பங்கள் அவை. விஜயநகர, நாயக்கர் காலத்துக்குப் பின் ஆதரவு குறைந்து குறைந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அநேகமாக அணையும் நிலை. கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் இங்கே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார்கள். ஜொன்னலகட்டா லட்சுமய்யா ஆசிரியராக இருந்து சொல்லிக் கொடுத்தார். அவருடைய மகன் குரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று ஊரில் தூரிகை பிடிப்பவர்களில் பலருக்கு இது தாத்தா காலத்துத் தொழில் அல்ல. பயிற்சிக்கூடத்திலிருந்து கிளைத்த தொழில். அதனால் அது குறைந்த தொழில் ஆகிவிடாது.

தூரிகை என்று சொன்னது தவறு. கலம். மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளி நூலையோ துணியையோ உருண்டையாகச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். உருண்டையைச் சாயத்தில் நனைத்து, விரலால் மெல்ல அழுத்த அழுத்த நுனிக்கு மை இறங்கும். பாரசீகத்தில் கலம்காரி என்றால் கலத்தால் செய்யும் வேலை. அந்தப் பெயர் வருவதற்கு முன் தெலுங்கில் இது 'வ்ராத பனி', அதாவது எழுத்து வேலை. தமிழிலும் படத்தை எழுதினார்கள் என்றுதான் பழைய வழக்கு. எழுத்து, ஓவியம் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

நான் போன வீட்டில் திண்ணையும் கூடமும் முழுக்கத் துணி. அறுபதைத் தாண்டிய ஓவியர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பட்டாபிஷேகக் காட்சியில் அனுமனின் வாலுக்குக் கறுப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே நான்கு பெண்கள் துப்பட்டாக்களில் மயிலும் தாமரையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ராமாயணம் வாங்குகிறவர்கள் எப்போதாவது வருவார்கள். துப்பட்டாதான் அடுப்பு எரியவைக்கிறது என்றார். வீடு முழுக்கப் புளித்த பால் வாசம்.

அந்த வாசத்துக்குக் காரணம் இருக்கிறது. காடாத் துணியைச் சாணக் கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் போட்டு வெளுக்க வேண்டும். பிறகு கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துவைக்கும். பாலின் கொழுப்பு மை கசிந்து பரவாமல் தடுக்கும். புளியங்குச்சிக் கரியால் உருவம் குறிப்பார்கள். இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்த மையால் கறுப்புக் கோடு. பானையில் இருக்கும்போது அது மங்கலான பழுப்பு நீர்தான். கடுக்காய் ஏறிய துணியைத் தொட்ட கணத்தில் கறுக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுமனின் வால் மெதுவாக இருண்டது. பழைய காலத்துப் பள்ளிக்கூட மையின் ரசாயனமும் இதேதான்.

சிவப்புதான் சூட்சுமம். சிவப்பு வேண்டிய இடங்களில் சிவப்பைப் பூசுவதில்லை. படிகார நீரைப் பூசுகிறார்கள். பூசும்போது கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகு துணியை ஆற்றுக்குக் கொண்டுபோய், ஓடும் நீரில் விரித்துப் பிடித்து அலச வேண்டும். துணியில் பிடிக்காத உபரிப் படிகாரம் நீரோடு போய்விட வேண்டும். கசக்கக் கூடாது, அடித்துத் துவைக்கக் கூடாது. நீர்தான் வேலை செய்ய வேண்டும். அப்புறம் மஞ்சிட்டி, சுருள்பட்டை போன்ற வேர், பட்டைகள் போட்ட அண்டாவில் துணி கொதிக்கும். படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவக்கும். முன்பு சோழமண்டலக் கரை முழுவதும் இம்பூறல் வேரில் இந்தச் சிவப்பை எடுத்தார்கள். சாயவேர் என்று அதற்கே பெயர். ஐரோப்பாவைக் கிறங்கவைத்த சிவப்பு அது. 1742இல் கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தச் செய்முறையைப் படிப்படியாக எழுதி ஊருக்குக் கடிதம் அனுப்பினார். தொழில் ரகசியம் போன முதல் தபால்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம்.

கொதித்த துணியைத் திரும்பவும் சாணம், அலசல், வெயில். மஞ்சளுக்குக் கடுக்காய்ப் பூ, பின் அலசல். நீலம், பின் அலசல். மொத்தம் பதினேழு படிகள் என்பாரும் உண்டு, இருபத்து மூன்று என்பாரும் உண்டு, எண்ணுகிறவரைப் பொறுத்தது. எப்படி எண்ணினாலும் நீர் நடுநடுவே வந்துகொண்டே இருக்கும்.

ஏன் ஓடும் நீர்? தொட்டியில் அலசினால் என்ன? ஓவியர் ஒரு பழைய துணியையும் புதிய துணியையும் பக்கத்தில் விரித்துக் காட்டினார். புதியதில் சிவப்பின் ஓரங்களில் லேசாக ஒரு மங்கல், வெள்ளையாக இருக்க வேண்டிய தரையில் ஒரு பழுப்பு மூட்டம். தேங்கிய நீரில் கரைந்த படிகாரமும் கடுக்காயும் அங்கேயே சுற்றி, வேண்டாத இடத்தில் மறுபடி உட்கார்ந்துவிடும். அண்டாவுக்குப் போனதும் அந்த இடமும் நிறம் பிடிக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்துவிட்டால் இன்னும் மோசம். துவர்ப்போடு சேர்ந்து எல்லா நிறத்தையும் சாம்பல் பக்கம் இழுக்கும். வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது என்றார். தெரியாது என்பதில்தான் அவருக்கு வருத்தம் என்று தோன்றியது.

அவர்கள் இப்போது அலசுவது எங்கே? மறுநாள் காலை அந்த வீட்டுத் துணி மூட்டை ஒன்று மொபெட்டில் கிளம்பியபோது பின்னால் ஆட்டோவில் போனேன். ஊருக்கு வெளியே ஒரு நெல் வயல். பம்ப்செட் கொட்டுகிறது. சிமெண்டுத் தொட்டி நிறைந்து வாய்க்காலில் வழிகிறது. அந்த இருபதடி வாய்க்கால்தான் இப்போது சுவர்ணமுகி. வயல்காரருக்கு மூட்டைக் கணக்கில் பணம். துணி அலச வந்திருந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். இளம் வயதில் இருந்தே அலசுகிற வேலை. முட்டிவரை சேலையைச் செருகிக்கொண்டு, வாய்க்காலில் துணியின் இரண்டு முனைகளைப் பிடித்து, நீர் அடியில் புகுந்து ஓடும்படி லேசாகத் தூக்கித் தூக்கி விட்டார். பாலும் கடுக்காயும் கலந்த மஞ்சள் நீர் வரப்போரம் நுரைத்தது.

"நீ எந்த ஊரு நாயனா?" என்றார். இந்தப் பக்கத்தில் மகன் வயதுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மெட்ராஸ் அம்மா."

"உங்க ஊருக்குத்தான் எங்க மணலு போவுது" என்று சிரித்தார். குற்றச்சாட்டு அல்ல. ஊர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

சென்னைக்காரனாக நான் கொஞ்சம் நெளிந்தது உண்மை. மணல் மட்டுமா? 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் கண்டலேறு - பூண்டிக் கால்வாய் இந்த வட்டாரத்தின் வழியாகத்தான் போகிறது. 1996இல் முதல் நீர் வந்தபோது நாங்கள் கொண்டாடினோம். எங்கோ ஸ்ரீசைலத்து நீர், கான்கிரீட் கரைகளுக்குள், காளஹஸ்திக்காரர்களின் பக்கமாகக் கடந்து எங்கள் குழாய்க்கு வருகிறது. சுவர்ணமுகியின் சொந்த நீரோ மேலேயே நின்றுவிடுகிறது. சந்திரகிரிப் பக்கம் 1977இல் கட்டிய கல்யாணி அணை திருப்பதிக்கும் திருமலைக்கும் குடிநீர் கொடுக்கிறது. நூற்று முப்பது கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் சேரும் ஆறு இது. மழைக் காலத்தில் மட்டும் அது நினைவு வந்ததுபோல் எழுந்திருக்கும். 2021 நவம்பரில் எழுந்து கரை புரண்டு பாலங்களைப் பிய்த்தது. அம்மாதிரி வெள்ளத்தில் துணி அலச முடியாது. அலசுவதற்கு வேண்டியது முழங்கால் அளவு தெளிந்த நீர், மாதக்கணக்கில், மெதுவாக. அதைத் தேக்கிவைத்து மெல்ல விட்டுக்கொண்டிருந்தது ஆற்று மணல். மணல் ஆழமாக இருக்கும்வரை ஆற்றுக்கு அடியிலும் ஒரு ஆறு உண்டு. ஊற்றுக்கால் வெட்டி விவசாயம் செய்தவர்கள் அதை அறிவார்கள்.

சுவர்ணமுகிக்கு ஒரு கதை இருக்கிறது. கோவில் கட்டியவர்களுக்குக் கூலியாக ஆற்று மணலைத்தான் கொடுத்தார்களாம். உழைத்தவன் கையில் உழைத்த அளவுக்கு அது பொன்னாக மாறியதாம். பொன்முகலி என்ற பெயருக்கு இப்படி ஒரு விளக்கம். இப்போதும் மணல் பொன்னாகத்தான் மாறுகிறது, லாரியில் ஏறிய பிறகு. நீர், நிலம், மரம் மூன்றையும் காக்க ஆந்திரம் 2002இல் ஒரு தனிச் சட்டமே போட்டது. மணல் அள்ளுவதற்கான கட்டுப்பாடுகளும் அதில் உண்டு. இரவில் பாலத்தில் நின்று பார்த்தால் சட்டத்தின் கை எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும்.

காளஹஸ்தி கலம்காரிக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்தில் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல். சென்னைக் கடைகளில் மீட்டர் கணக்கில் இயந்திரத்தில் அச்சடித்து 'கலம்காரி' என்று விற்கும் துணிகளை நினைத்தால் இந்தக் குறியீடு அவசியம்தான். ஆனால் குறியீட்டுச் சட்டம் பெயரைக் காக்கும். இன்ன ஊரில் செய்தால்தான் இன்ன பெயர் என்று சொல்லும். அந்த ஊரின் எந்தக் குணத்தால் பொருளுக்கு அந்தப் பெயர் வந்ததோ, அந்தக் குணத்தைக் காக்கும் பொறுப்பு யாருக்கும் கிடையாது. பிர்னினித் துணி நீரைக் காட்டி நிலத்தைக் கேட்டது, கேட்டதைப் பெற்றது. காளஹஸ்தித் துணியின் ஒவ்வொரு நிறத்திலும் அந்த ஆற்றின் கையெழுத்து இருக்கிறது. அதைத் தரையில் விரித்து, மேலே நின்று, ஆறு வேண்டும் என்று யார் கேட்பது? ஓவியரா? அவருக்கு அடுத்த வாரத்துக்குள் முப்பது துப்பட்டா முடித்தாக வேண்டும்.

பத்து மணி சுமாருக்கு மின்சாரம் நின்றது. பம்ப் ஒரு விக்கல் விக்கி ஓய்ந்தது. வாய்க்கால் கண்ணெதிரே மெலிந்தது. அம்மா அலுத்துக்கொள்ளவில்லை. பாதி அலசிய துணியைத் தொட்டியில் அமிழ்த்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறந்தார்.

"போர்த் தண்ணியிலயும் செகப்பு வருது நாயனா. வராம இல்ல. ஆனா ஆத்துச் செகப்பு இல்ல அது."

முன்பெல்லாம் ஆற்றில் எந்த இடத்தில் அலசுவீர்கள் என்று கேட்டேன். பாலத்துக்குக் கிழக்கே, மேற்கே என்று வாயால் சொல்லிப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். இது ஆறு. இது கோவில் பக்கம். இங்கே ஒரு மடு, கோடையிலும் இடுப்பளவு நிற்கும் என்று ஒரு வட்டம். படிக்கட்டுக்குக் கீழே இன்னொன்று. அங்கே கல் இருந்ததால் நீர் வேகமாக ஓடும், கறுப்புக்கு நல்லது. மூன்றாவது, ஊரின் மாடுகள் இறங்கும் இடம். அதற்கு மேலேதான் அலச வேண்டும், கீழே கூடாது. நான்காவதில் பொடி மணல், துணி உலர்த்த. வட்டங்களை இணைத்து, மூட்டையோடு நடந்து போகும் வழியையும் கீறினார்.

ஐந்தாவதாக ஒரு வட்டம் போட்டுவிட்டு யோசித்தார். அதன் பெயர் வரவில்லை. தொட்டி அருகே துணிக்குக் காவல் இருந்த மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே ஆறு வற்றியிருந்தது. தெரியாது என்று தலையாட்டிவிட்டு, மின்சாரம் வந்துவிட்டதா என்று மோட்டார் கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.